வந்து சேராத ஒரு புத்தகம்: மிலோஷ் ஃபோர்மன் கதையை கொஞ்சம் விலாவாரியா பாக்கலாம்

1960கள் நடுவுல கிர்க் டக்ளஸ் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு ஒரு நல்லெண்ணப் பயணம் வந்தாரு. அப்ப அவரு ஹாலிவுட்ல உச்ச ஸ்டார். பிராக்ல மிலோஷ் ஃபோர்மன்னு ஒரு இளம் டைரக்டரை சந்திச்சு பேசினாரு, ஆள் ரொம்ப பிடிச்சுப் போச்சு, "என்கிட்ட ஒரு நாவலோட உரிமை இருக்கு, ஊருக்குப் போனதும் அனுப்புறேன், படிச்சுட்டு உனக்கு சரிப்படுமான்னு சொல்லு"ங்கிற மாதிரி சொல்லிட்டுப் போனாரு. சொன்ன மாதிரியே அனுப்பியும் வச்சாரு. புத்தகம் ஃபோர்மன் கைக்கு வரவே இல்லை, நடுவுல எங்கயோ கஸ்டம்ஸ்லயோ தணிக்கைலயோ யாரோ பிடிச்சு வச்சுட்டாங்க. இங்க ஃபோர்மன், பெரிய மனுஷன் வாக்கு கொடுத்துட்டு மறந்துட்டார்னு நினைச்சாரு. அங்க டக்ளஸ், ஒரு நன்றி கடிதம் கூட போடத் தெரியாத பையன்னு நினைச்சாரு. கிட்டத்தட்ட பத்து வருஷம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மரியாதை தெரியாதவன்னு நினைச்சுட்டே இருந்திருக்காங்க. அந்த நாவல்தான் 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்'.

தணிக்கைன்னு சொன்னா நமக்கு சிவப்பு பென்சில் வச்சு சீனை வெட்டுற ஒரு அதிகாரிதான் ஞாபகம் வரும். எனக்கு இந்த காணாம போன பார்சல்தான் தணிக்கையோட உண்மையான முகம்னு தோணும், ஏன்னா இதுல தடை பண்ணிட்டோம்னு சொல்லக்கூட யாரும் வரல, ரெண்டு மனுஷங்களுக்கு நடுவுல சத்தமில்லாம ஒரு தப்பு அபிப்ராயத்தை வளர விட்டுட்டு போயிடுச்சு.

ஃபோர்மன் பத்தி பேசினாலே "கம்யூனிஸ்ட் நாட்டுல அடக்கி வச்சிருந்தாங்க, அமெரிக்கா போனாரு, சுதந்திரம் கிடைச்சுச்சு, ஆஸ்கர் வாங்கிட்டாரு"ன்னு ஒரே மூச்சுல முடிச்சிடுவாங்க. அது பாதி உண்மை கூட இல்லைன்னு நான் நினைக்கிறேன். அவரு வெளிநாட்டுல ஜெயிச்சதுக்கு காரணம் சுதந்திரம் மட்டும் இல்லை, பிராக்ல கத்துக்கிட்டதுல எதை கூட எடுத்துட்டு போனாரு, எதை விட்டுக் கொடுத்தாருங்கிறதுலதான் விஷயம் இருக்கு.

முதல்ல ஆள். 1932 பிப்ரவரி 18ல சாஸ்லாவ்ங்கிற சின்ன ஊர்ல பொறந்தவர். அப்பாவையும் அம்மாவையும் நாஜிகள் பிடிச்சுட்டு போனாங்க. அம்மா 1943ல ஆஷ்விட்ஸ் முகாம்ல செத்தாங்க, அப்பா அடுத்த வருஷம் இன்னொரு முகாம்ல. பையன் ஒரு பெட்டியோட சொந்தக்காரங்க வீடு, தெரிஞ்சவங்க வீடுன்னு மாறி மாறி வளர்ந்தான். மத்தவங்க வீட்டுல வளர்ற புள்ளைக்கு ஒரு பழக்கம் வந்துடும் இல்லையா, யார் மூஞ்சி எப்ப மாறுதுன்னு பாத்துட்டே இருக்கும், அந்தப் பழக்கம்தான் பின்னாடி அவரு கேமராவுக்குள்ள போச்சுன்னு எனக்கு ஒரு நம்பிக்கை. போருக்கு அப்புறம் போடியெப்ராடி ஊர் விடுதிப் பள்ளிக்கூடத்துல படிச்சாரு, அங்க கூடப் படிச்சவங்கள்ல ரெண்டு பேரை ஞாபகம் வச்சுக்கங்க, இவான் பாஸ்ஸர், வாத்ஸ்லாவ் ஹாவேல். முதல் ஆள் இவரோட படங்களுக்கு கதை எழுதினவர், ரெண்டாவது ஆள் பின்னாடி நாட்டுக்கே ஜனாதிபதி ஆனவர். பள்ளிக்கூடம் முடிச்சு பிராக்ல ஃபாமு ஃபிலிம் ஸ்கூல்ல சேர்ந்தாரு, எடுத்துக்கிட்டது திரைக்கதை.

அந்த நாட்டு சினிமா எப்படி ஓடுச்சுன்னு தெரியலன்னா மேற்கொண்டு புரியாது. 1945லயே சினிமா மொத்தமும் அரசுடைமை ஆயிடுச்சு. தயாரிப்பாளர்னு தனியா ஒருத்தர் கிடையாது, பாராண்டோவ் ஸ்டூடியோ அரசோடது, ஃபிலிம் சுருள் அரசோடது, தியேட்டரும் அரசோடது, டைரக்டர் மாசச் சம்பளக்காரர். ஸ்கிரிப்ட் முதல்ல ஒரு குழுவுக்குப் போகும், அப்புறம் மேல ஒரு குழு, அதுக்கு மேல கட்சி. பாக்ஸ் ஆபீஸ் கவலை இல்லைங்கிறது ஒரு பெரிய வசதி, அதை மறைக்கக் கூடாது, அந்த அரசுப் பணத்துலதான் செக் புதிய அலை படங்கள் கிட்டத்தட்ட அத்தனையும் வந்துச்சு. 60கள்ல பிடி கொஞ்சம் தளர்ந்த நேரத்துல ஒரே தலைமுறையில சிதிலோவா, மென்ஸல், நெமெட்ஸ், பாஸ்ஸர், ஃபோர்மன்னு வரிசையா வந்தாங்க. பிடி தளர்ந்துச்சுன்னா விட்டுட்டாங்கன்னு அர்த்தம் இல்லை, 1967 மே மாசம் நாடாளுமன்றத்துல ஒரு உறுப்பினர் எழுந்து சிதிலோவாவோட படத்துல சாப்பாட்டை வீணாக்கிட்டாங்கன்னு ஆவேசமா பேசி தடை பண்ணச் சொன்ன காலம் அது.

ஃபோர்மன் பண்ணினது என்னன்னா, கொள்கையை எதிர்த்து எதுவும் பேசல. கேமராவை தூக்கிட்டுப் போய் சாதாரண ஜனங்களை காட்டினாரு, அவ்வளவுதான். 'பிளாக் பீட்டர்' 1964ல வந்து லொகார்னோ விழாவுல முதல் பரிசு வாங்குச்சு, மளிகைக்கடையில வேலைக்கு சேர்ற ஒரு பையனோட கதை, கடைக்கு வர்றவங்க திருடுறாங்களான்னு பாத்துட்டே இருக்கணும், அதுதான் அவன் வேலை. அடுத்து 1965ல 'லவ்ஸ் ஆஃப் எ ப்ளாண்ட்'. ஒரு ராத்திரி பிராக்ல பெட்டியோட தனியா நின்ன ஒரு பொண்ணை பாத்து, என்ன விஷயம்னு கேட்டிருக்காரு. வெளியூர் ஃபேக்டரி பொண்ணு, பழகின பையன் கொடுத்த அட்ரஸைத் தேடி வந்திருக்கா, அட்ரஸே பொய். அதுல இருந்து வந்த படம். செருப்பு ஃபேக்டரியை கொண்டு வந்து வச்சு ஊர் முழுக்க பொண்ணுங்களா ஆயிடுச்சு, ஆம்பளைங்களே இல்லை, அதுக்கு தீர்வா அதிகாரிங்க ராணுவத்துல பேசி ஒரு பிரிவை ஊருக்கு வரவழைக்கிறாங்க, வந்து இறங்குறது எல்லாம் வயசான ரிசர்வ் ஆளுங்க. பிளாட்ஃபார்ம்ல ஆசையா காத்து நிக்கிற பொண்ணுங்க மூஞ்சி ஒவ்வொன்னா விழுறதை காட்டுவாரு பாருங்க, திட்டம் போட்டு மனுஷ வாழ்க்கையை சரி பண்றேன்னு சொல்ற ஒரு அரசாங்கத்தைப் பத்தி இதை விட பெருசா என்ன சொல்லிட முடியும். இதுல ஒரு வசனத்தை பிடிச்சு வெட்டுங்கன்னா எதை வெட்டுவாங்க? இந்தப் படம் ஆஸ்கர் வெளிநாட்டுப் பட நாமினேஷன் வரைக்கும் போச்சு.

இப்ப முக்கியமான இடம், 'தி ஃபயர்மென்ஸ் பால்', 1967.

ஃபோர்மன், பாஸ்ஸர், பாபோஷெக் மூணு பேரும் வேற ஒரு ஸ்கிரிப்ட் எழுத மலை அடிவாரத்துல போய் உக்காந்தாங்க, எழுத்து நகரல. ஒரு நாள் சும்மா இருக்கோமேன்னு வ்ர்க்லாபி ஊர்ல தீயணைப்புப் படைக்காரங்க நடத்துற ஆட்டம் பாட்டம் விழாவுக்குப் போனாங்க, மறுநாள் எழுத உக்காந்தா வாயில அந்த விழா பேச்சுதான். சரி இதையே எழுதுவோம்னு முடிவு பண்ணி, அதே ஊர்ல, உண்மையான தீயணைப்பு ஆளுங்களையே நடிக்க வச்சு எடுத்தாங்க.

கதை ஒரே ராத்திரி. ஓய்வு பெற்ற 86 வயசு பழைய தலைவருக்கு ஒரு சின்ன கோடாலி நினைவுப் பரிசா கொடுக்கணும், ஆளுக்கு கேன்சர், அவருக்கு அது தெரியாதுன்னு கமிட்டி நினைக்குது. குலுக்கல் பரிசுக்குன்னு மேஜையில கேக், மது பாட்டில், இறைச்சின்னு அடுக்கி வச்சிருக்காங்க, ஒவ்வொன்னா காணாம போகுது. காவலுக்கு நிக்கிறவரோட பொண்டாட்டியே எடுத்து வச்சுக்கிறாங்க. கடைசியில கமிட்டி ஒரு யோசனை பண்ணுது, விளக்கை அணைச்சிடுவோம், எடுத்தவங்க இருட்டுல கொண்டு வந்து திருப்பி வச்சிடட்டும், யாருக்கும் மானம் போகாது. விளக்கை அணைக்கிறாங்க. திரும்ப போட்டா மேஜையில மிச்சம் இருந்ததும் போயிருக்கு, ஒரே ஒருத்தர் மட்டும் மாட்டிக்கிறாரு, பொண்டாட்டி திருடின இறைச்சியை திருப்பி வைக்க வந்த அந்த நல்ல மனுஷன். கையில இறைச்சியோட வெளிச்சத்துல நிக்கிறாரு, மயங்கி விழுந்துடறாரு. அதுக்கப்புறம் கமிட்டி உக்காந்து பேசுறது என்னன்னா, திருடினதைப் பத்தி இல்லை, ஏன்யா திருப்பி வச்ச, படையோட பேரு கெட்டுடுச்சே, நேர்மையை விட படையோட பேரு பெருசு இல்லையான்னு. நான் முதல் தடவை பாத்தப்ப சிரிச்சேன், ரெண்டாவது தடவை அந்த இடத்துல சிரிப்பு வரல. நம்ம எல்லாரும் ஏதோ ஒரு ஆபீஸ்ல, ஏதோ ஒரு சங்கத்துல அந்த கமிட்டிக்கு முன்னாடி ஒரு தடவையாவது நின்னிருப்போம்.

நடுவுல ஊர்ல ஒரு தாத்தா வீடு தீப்பிடிச்சு எரியுது, தீயணைப்பு வண்டி பனியில சிக்கிடுது, மண்வெட்டியால பனியை வாரி நெருப்புல போடுறாங்க. தாத்தாவுக்கு குளிருதுன்னு நாற்காலியோட தூக்கி அவரு வீடு எரியுற நெருப்புக்கு பக்கத்துலயே உக்கார வைக்கிறாங்க. அன்போடதான் பண்றாங்க, அங்கதான் படம் எங்கயோ போயிடுது. கடைசியில தலைவருக்கு கொடுக்கிற பெட்டியைத் திறந்தா கோடாலியும் இல்லை.

இதுக்கு பிரச்சனை ஒரே நேரத்துல ரெண்டு பக்கத்துல இருந்து வந்துச்சு. இத்தாலி தயாரிப்பாளர் கார்லோ பொன்டி பணம் போட்டிருந்தாரு, படத்தைப் பாத்து பிடிக்கல, 75 நிமிஷத்துக்கு குறையக் கூடாதுன்னு ஒப்பந்தம், படம் 73 நிமிஷம்தான்னு காரணம் காட்டி பணத்தை திரும்பக் கேட்டுட்டாரு. அன்னியச் செலாவணியில வாங்கின பணம், திருப்பிக் கொடுக்கலன்னா அரசுக்கு பொருளாதார சேதம் பண்ணின குற்றம், 10 வருஷம் வரைக்கும் ஜெயில் கிடைக்கலாம். உள்ளூர்ல ஜனாதிபதி நொவோட்னிக்கு படம் ஆகல, தீயணைப்புப் படைக்காரங்க எங்களை அவமானப்படுத்திட்டாங்கன்னு எதிர்ப்பு கிளப்பினாங்க, படக்குழு ஊர் ஊரா போய் இது உங்களைப் பத்தின படம் இல்லைன்னு சமாதானம் சொல்ல வேண்டி வந்துச்சு. பிரான்ஸ்ல டைரக்டர்கள் கிளாட் பெரியும் ட்ரூஃபோவும் படத்தைப் பாத்துட்டு வெளிநாட்டு உரிமையை வாங்கினாங்க, அந்தப் பணத்துலதான் கழுத்துக்கு வந்த கத்தி போச்சு. கவனிச்சா, இந்த இடத்துல அவரை சிக்கல்ல மாட்டிவிட்டது மேற்கத்திய முதலாளி, காப்பாத்தினதும் மேற்கத்திய சினிமாக்காரங்கதான். "அங்க அடிமைத்தனம், இங்க சுதந்திரம்"னு நேர் கோடு போட முடியாதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

1968 மே மாசம் இந்தப் படம் பிரான்ஸ்ல நடக்கிற கான் திரைப்பட விழா போட்டியில இருந்துச்சு, பாரிஸ் மாணவர் போராட்டத்துக்கு ஆதரவா விழாவையே நிறுத்தினாங்க, ஃபோர்மனும் படத்தை வாபஸ் வாங்கினாரு. ஆகஸ்ட் 21 விடியக்காலை, பிராக்ல வந்த தளர்வை அடக்க சோவியத் தலைமையில வார்சா ஒப்பந்தப் படைகள் நாட்டுக்குள்ள டாங்கியோட வந்துடுச்சு. அப்ப ஃபோர்மன் பாரிஸ்ல பிரெஞ்சு திரைக்கதை எழுத்தாளர் ஜான் க்ளோத் கரியேர் கூட அமெரிக்கப் படத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதிட்டு இருந்தாரு. மனைவி வேரா, நாலு வயசு இரட்டைப் பசங்க பெத்ர், மாத்யேய், மூணு பேரும் பிராக்ல. அவங்க பாரிஸ் வந்து சேர்ந்தாங்க, ஆனா வேராவுக்கு வெளிநாட்டு வாழ்க்கை ஒத்து வரல, பசங்களை கூட்டிட்டு திரும்ப பிராக் போயிட்டாங்க. 1969 ஜனவரியில, திரும்ப ஒரு தடவை ஊருக்கு வந்திருந்த ஃபோர்மனும் பாஸ்ஸரும் ராத்திரி கார்ல ஆஸ்திரிய எல்லைக்குப் போனாங்க, தேவையான வெளியேறும் அனுமதி இல்லை, காவலுக்கு நின்ன சிப்பாய் ஃபோர்மன் மூஞ்சியை அடையாளம் கண்டுபிடிச்சு, உங்க படம் எல்லாம் பாத்திருக்கேன்னு படங்களைப் பத்தி பேசிட்டு கேட்டைத் திறந்து விட்டுட்டான்னு பாஸ்ஸர் பின்னாடி சொல்லியிருக்காரு. அந்த சிப்பாய் அப்புறம் என்ன ஆனானோன்னு இதைப் படிக்கும்போதெல்லாம் நினைப்பேன்.

போனவங்க கதை இப்படின்னா, இருந்தவங்க கதை வேற. மென்ஸல் 1969ல எடுத்த 'லார்க்ஸ் ஆன் எ ஸ்ட்ரிங்' 1990 வரைக்கும் பெட்டிக்குள்ள இருந்து, வெளிய வந்த வருஷமே பெர்லின்ல தங்கக் கரடி வாங்குச்சு. சிதிலோவாவுக்கு வருஷக்கணக்கா படம் கொடுக்கல. 'ஃபயர்மென்ஸ் பால்' நிரந்தரத் தடைப் பட்டியல்ல போச்சு. ஃபோர்மனை, அனுமதி இல்லாம வெளிநாட்டுல தங்கிட்டாருன்னு வேலையை விட்டு எடுத்துட்டாங்க.

அமெரிக்காவுல முதல் படம் 'டேக்கிங் ஆஃப்', 1971. தன்னோட முதல் படத்துல பாட்டுத் தேர்வுக்கு வர்ற பொண்ணுங்களை வரிசையா காட்டின அதே உத்தியை நியூயார்க் பொண்ணுங்களை வச்சு இங்கயும் பண்ணினாரு. நல்ல படம், கான்ல ஜூரி சிறப்புப் பரிசு வாங்குச்சு, தியேட்டர்ல ஓடல. கணக்கு முடிச்சப்ப சம்பளம் வரல, அவருதான் ஸ்டூடியோவுக்கு 500 டாலர் பாக்கி வச்சிருந்தாரு. அதுக்கப்புறம் நியூயார்க் செல்ஸி ஹோட்டல் ரூம்ல மனசு உடைஞ்சு மாசக்கணக்கா படுத்துக் கிடந்தாரு, வாடகை கூட ஒழுங்கா கொடுக்க முடியல. சுதந்திர நாட்டுல, தடை பண்ண ஒரு ஆள் கூட இல்லாத இடத்துல, 40 வயசுல.

இங்கதான் அவரு எடுத்த முடிவு எனக்கு ரொம்ப பெருசா தெரியுது. பிராக்ல ஒருத்தன் வாயைத் திறந்தா எந்தத் தெரு, என்ன வேலை, எதை மறைக்கிறான்னு அவருக்குத் தெரியும். ஆங்கிலத்துல அந்தக் காது அவருக்கு இல்லை, பாதி வயசுக்கு மேல கத்துக்கிட்ட மொழியில அது வரவும் வராது. அதை ஒத்துக்கிட்டாரு. இனிமே சொந்தமா அமெரிக்கக் கதை எழுதப் போறதில்லை, அந்த மொழியில பொறந்து வளர்ந்தவங்க எழுதின நாவல், நாடகம், ஸ்கிரிப்ட் எடுத்துத்தான் படம் பண்ணுவேன்னு வச்சுக்கிட்டாரு. 'ஹேர்', 'ராக்டைம்', 'அமேடியஸ்', எல்லாம் அப்படி வந்ததுதான். தன்னோட பெரிய பலத்தை ஒரு டைரக்டர் தானா கீழ வைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எழுதறவங்களுக்கு, முக்கியமா வேற மொழி ஊர்ல போய் பொழைக்கிறவங்களுக்கு, சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

அந்த நேரத்துலதான் தயாரிப்பாளர்கள் மைக்கேல் டக்ளஸும் சால் ஸேன்ட்ஸும் ஒரு நாவலை கையில வச்சுட்டு டைரக்டர் தேடிட்டு இருந்தாங்க. மத்த டைரக்டர்கள் என்ன பண்ணப் போறோம்னு வாயைத் திறக்காம மழுப்பினப்ப, ஃபோர்மன் மட்டும் முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் இங்க இப்படி, இங்க இப்படின்னு சொல்லிட்டே போனாராம். அது அதே நாவல், 'குக்கூஸ் நெஸ்ட்'. மைக்கேலோட அப்பாதான் கிர்க் டக்ளஸ். பழைய பார்சல் விஷயம் அப்பதான் ரெண்டு பேருக்கும் வெளிச்சமாச்சு.

அமெரிக்காக்காரங்களுக்கு அது ஒரு மனநல மருத்துவமனைக் கதை, ஒரு தலைமுறையோட கலகக் கதை. அவருக்கு அது சொந்தக் கதை, எது செய்யலாம் எது செய்யக் கூடாதுன்னு சொல்லிட்டே இருந்த கம்யூனிஸ்ட் கட்சிதான் தன்னோட நர்ஸ் ராட்செட், அதாவது கதையில நோயாளிங்களை அடக்கி வைக்கிற நர்ஸ்னு 2012லயும் எழுதினாரு. படத்துல அந்த நர்ஸ் கத்த மாட்டாங்க, குரல் உயரவே உயராது, உங்க நல்லதுக்குத்தான்னு ஒரு தொனி, லூயிஸ் ஃப்ளெச்சர் மூஞ்சியில ஒரு மாதிரி பொறுமை. அடக்குமுறையை வெளிய இருந்து மட்டும் பாத்தவரா இருந்தா ராட்சசியா காட்டியிருப்பாரு. உள்ள வாழ்ந்தவருக்குத்தான் அது இப்படி அன்பா பேசும்னு தெரியும்.

எடுத்த விதத்தையும் பாருங்க. ஓரகன் மாநிலத்துல சேலம் ஊர்ல ஓடிட்டு இருந்த நிஜ மனநல மருத்துவமனை, அதோட தலைமை மருத்துவர் டீன் ப்ரூக்ஸே படத்துலயும் டாக்டரா வர்றாரு. குழுவா உக்காந்து பேசுற சீன்கள்ல ஒண்ணுக்கு மேல கேமரா வச்சு, பேசாம உக்காந்திருக்கிறவங்களையும் எடுத்துட்டே இருந்தாரு, எந்த கேமரா தன்மேல இருக்குன்னு நடிகருக்கே தெரியாது. அதனால யாரும் தன் வசனத்துக்காக காத்திருந்து நடிக்கல, கேட்டுட்டு இருந்தாங்க. ஓட்டுப் போடுற சீன்ல ஹீரோ ஜாக் நிக்கல்சனை விட்டுட்டு கையைத் தூக்கலாமா வேணாமான்னு தயங்குற மத்த மூஞ்சிகளை பாருங்க, அப்படியே வ்ர்க்லாபி தீயணைப்பு கமிட்டி. பிராக்ல விட்டுட்டு வந்தது மொழியைத்தான், கண்ணை இல்லை. 1976 ஆஸ்கர்ல படம், டைரக்டர், நடிகர், நடிகை, திரைக்கதைன்னு முக்கியமான அஞ்சும் கிடைச்சுது, அதுக்கு முன்னாடி அப்படி நடந்தது 1934 படம் ஒன்னுக்குத்தான். அந்த விழாவுக்கு பிராக்ல இருந்து பெத்ரும் மாத்யேயும் வந்தாங்க, வருஷக்கணக்கா அப்பாவைப் பாக்காத பசங்க.

அடுத்த வருஷம் அமெரிக்கக் குடியுரிமை, அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்துல சினிமா பேராசிரியர். நடுவுல வந்த படங்களை தாண்டி 1983க்கு போறேன், ஏன்னா இசையமைப்பாளர் மொஸார்ட் பத்தின 'அமேடியஸ்' எடுக்க அவரு தேர்ந்தெடுத்த ஊர் பிராக். 18ஆம் நூற்றாண்டு தெரு அப்படியே இருந்துச்சு, நியான் போர்டு இல்லை, கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் பழைய ஊர்தான், காசு இல்லாத அரசாங்கம் எதையும் மாத்தாம விட்டதோட பலன். மொஸார்ட் 1787ல 'டான் ஜொவானி' ஓபராவை தானே நடத்தி முதல்ல அரங்கேத்தின அதே தியேட்டர்லயே எடுக்கலாம். அரசுக்கு டாலர் வேணும், அதனால அனுமதி கிடைச்சுது, அரசாங்க எதிர்ப்பாளர்களை சந்திக்கக் கூடாதுன்னு நிபந்தனை. கூடவே ரகசியப் போலீஸும் வந்துச்சு. கேமரா பழைய தோழர் ஒன்ட்ரிசெக், உடை பிஷ்டெக், அங்கயே இருந்துட்டவங்க, பிஷ்டெக்குக்கு அந்தப் படத்துல ஆஸ்கரும் கிடைச்சுது. மொத்தம் 8 ஆஸ்கர்.

அந்தப் படப்பிடிப்புல ஜூலை 4 வந்துச்சு, அமெரிக்க சுதந்திர தினம். தியேட்டர் நிறைய 18ஆம் நூற்றாண்டு உடையும் விக்கும் போட்ட துணை நடிகர்கள், எல்லாரும் உள்ளூர் செக் ஜனங்க. ஆக்‌ஷன்னு சொன்னதும் மொஸார்ட் இசைக்கு பதிலா அமெரிக்க தேசிய கீதம் ஒலிக்குது, மேல இருந்து பெரிய அமெரிக்கக் கொடி இறங்குது, படக்குழு பண்ணின ஏற்பாடு. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்னுச்சு. சுமார் 30 பேர் மட்டும் எழுந்திரிக்கல, என்ன பண்றதுன்னு தெரியாம ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. கூட்டத்துக்குள்ள கலந்திருந்த போலீஸ் யார் யார்னு அன்னிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

1989 நவம்பர்ல அந்த ஆட்சி போச்சு, டிசம்பர்ல பள்ளிக்கூடத் தோழன் ஹாவேல் ஜனாதிபதி. 1996ல ஃபோர்மன் 'தி பீப்பிள் வெர்சஸ் லேரி ஃப்ளின்ட்' எடுத்தப்ப ஒரு ஆபாசப் பத்திரிகைக்காரனை ஹீரோ ஆக்கிட்டாருன்னு அமெரிக்காவுலயே திட்டினாங்க. முதல்ல அசிங்கத்தைத் தடுக்கிறோம்னுதான் ஆரம்பிப்பாங்க, அது எங்க போய் முடியும்னு நாஜி ஆட்சியையும் கம்யூனிஸ்ட் ஆட்சியையும் பாத்துட்டு வந்தவருக்கு அந்தப் படம் எடுக்காம இருக்க முடியலன்னு நான் எடுத்துக்கிறேன்.

2018 ஏப்ரல் 13ல அமெரிக்காவுல கனெக்டிகட்ல செத்தாரு, 86 வயசு. அதுக்கு 11 வருஷம் முன்னாடி, 2007ல, பிராக் தேசிய நாடக அரங்குல ஒரு ஜாஸ் ஓபரா போட்டாரு. 1966ல, ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி, செக் டிவிக்கு அவரே எடுத்த அதே ஓபரா. இந்தத் தடவை டைரக்‌ஷன்ல கூட நின்னது பெத்ர், மேடை அமைப்பு மாத்யேய். மேடையில இருந்தவங்க பேசினதும் பாடினதும் செக் மொழி, அவரு யாரையும் அர்த்தம் கேக்க வேண்டியதில்லாத மொழி.